எண்ணெயை வடித்த சவ்வு எங்கே போகும்?

2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த கெட்டி எரிஎண்ணெய் தெற்கே இறங்கி, திருவள்ளூர், சென்னைக் கரைகளைத் தாண்டி, செங்கல்பட்டையும் உள்ளடக்கியிருந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கரை வரை கறையாகப் படிந்தது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் அது. எண்ணெயின் கெட்டித்தன்மைக்கு முன் உறிஞ்சும் இயந்திரங்கள் திணற, தன்னார்வலர்கள் வாளியால் அள்ளினார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது. படகும் வலையும் கறுத்துப்போயின. அப்போதும் மீனவர்கள் கையில் இருந்தது வாளியும் குவளையும்தான்.

அதே கால்வாயின் தென்பகுதி, சென்னைக்குத் தெற்கே நாவலூருக்குக் கிழக்கே ஓடி முட்டுக்காட்டு உப்பங்கழியைத் தொடுகிறது. இந்தப் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கிடையாது. ஆனால் பழைய மாமல்லபுரம் சாலை (ஓஎம்ஆர்) நெடுக உணவகங்கள், அடுக்குமாடிகள், வண்டி சர்வீஸ் நிலையங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவுநீரில் சேர்கிறது. செய்தியாகாத கசிவு என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான்.

மிதக்கும் எண்ணெயைப் பிரிப்பது பெரிய வித்தையல்ல. தொட்டியில் நீரைத் தேக்கினால் மேலே படரும், வழித்து எடுத்துவிடலாம். பாத்திரம் கழுவும் சோப்பு சேர்ந்ததும்தான் சிக்கல். எண்ணெய் பொடித்துளிகளாக உடைந்து, பால் போல வெளுத்து, நாள்கணக்கில் நீரோடு கலந்தே நிற்கும். ஆலைகளில் உள்ள சாதாரணப் பிரிப்புத் தொட்டி ஏறக்குறைய 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகளைத்தான் பிடிக்கும். சோப்பு உடைத்த துளிகளோ 20 மைக்ரானுக்கும் கீழே. தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. இதற்குத்தான் மெம்பிரேன் எனப்படும் நுண்துளைச் சவ்வு வேண்டும்.

துளை சிறிதாக இருந்தால் மட்டும் போதாது. எண்ணெய் ஒட்டிக்கொண்டு துளையை அடைத்துவிடும். இதற்கு வழி காட்டியது மீன். எண்ணெய் மிதக்கும் நீரில் நீந்தினாலும் மீன் செதிலில் எண்ணெய் ஒட்டுவதில்லை. செதிலின் நுண்ணிய மேடுபள்ளங்கள் நீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன; அந்த மெல்லிய நீர்ப்படலம் எண்ணெயைக் கிட்டே விடுவதில்லை. சீன விஞ்ஞானி லெய் ஜியாங்கின் குழு இதை 2009-இல் விளக்கியது. நீரை விரும்பும் சவ்வு செய்தால் நீர் உள்ளே போகும், எண்ணெய் வெளியே நிற்கும் என்ற போக்கில் ஆய்வுகள் பெருகின.

ஆனால் இன்று புழக்கத்தில் உள்ள சவ்வுகளில் பல, பிவிடிஎஃப் போன்ற செயற்கைப் பிளாஸ்டிக்குகள். பிவிடிஎஃப் ஃப்ளோரின் கலந்தது. மட்காது, எரித்தால் நச்சுவாயு வரும். அடைபடும்போதெல்லாம் ரசாயனத்தால் கழுவி, ஒருநாள் கழற்றி எறிவார்கள். நீர் சுத்தமாகும், எண்ணெய் ஊறிய பிளாஸ்டிக் மட்டும் மிஞ்சும். மட்கும் சவ்வைத் தேடுவது இதனால்தான்.

தேடல் புதிது, பொருள் பழையது. அமெரிக்காவில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் 1960 வாக்கில் உருவாக்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வு, மரக்கூழிலும் பஞ்சிலும் கிடைக்கும் செல்லுலோஸை மாற்றிச் செய்த செல்லுலோஸ் அசிட்டேட். 2013 முதல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நுட்பத்துக்கு அதுவே மூதாதை. நுண்ணுயிர் அரிக்கிறது, நாளடைவில் சிதைகிறது என்றும் குறை சொல்லி அதைப் பெருமளவு ஓரங்கட்டினார்கள். அந்தக் குறைக்குத்தான் இப்போது மதிப்பு!

இன்னொரு மூலப்பொருள் இறால் ஓடு. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் முட்டுக்காட்டிலேயே இருக்கிறது. இறால் இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஓட்டிலுள்ள சுண்ணத்தை அமிலத்தாலும் புரதத்தைக் காரத்தாலும் நீக்கி, மறுபடி அடர்காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான் கிடைக்கும். நீரை நன்றாகப் பிடிக்கும், மட்கும். ஆனால் அமிலம் பட்டால் கரையும். கரையாமலிருக்க மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைக்க வேண்டும். பிணைப்பு இறுக இறுக, மட்குவது தாமதமாகும். உழைக்கவும் வேண்டும், உரிய நேரத்தில் சிதையவும் வேண்டும். ஆய்வுக்கூடங்கள் மல்லுக்கட்டுவது இந்த இடத்தில்தான்.

மட்கும் என்று அச்சடித்த எல்லாவற்றையும் நம்பவும் வேண்டாம். மக்காச்சோள மாவிலிருந்து வரும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடுள்ள உரக்கிடங்கில்தான் ஒழுங்காக மட்கும். கோவளம் கடலில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

எண்ணூர் போன்ற கடற்கசிவுக்குச் சவ்வு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெட்டி எண்ணெய் நிமிடத்தில் அதை அடைத்துவிடும். அங்கே எண்ணெயை ஊறவைத்து எடுக்கும் பஞ்சு போன்ற உறிஞ்சிகளே மேல். போடிநாயக்கனூரில் மெத்தைக்கு விற்கிற இலவம்பஞ்சு தன் எடையைப்போல் 30 மடங்கு வரை எண்ணெய் குடிக்கும். சவ்வின் இடம் ஓட்டல் கழிவுநீர்த் தொட்டி, வண்டி கழுவும் கூடம், கப்பலின் அடித்தட்டு நீர். கப்பல்கள் வெளியேற்றும் அந்த நீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பன்னாட்டு விதி. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய், கிரீஸ் இருக்கக்கூடாது என்கிறது இந்திய விதி.

வேலை முடிந்த மட்கும் சவ்விலும் எண்ணெய் ஊறியிருக்கும். தோட்டத்தில் புதைத்துவிட முடியாது. 2017-இல் அள்ளிய எண்ணெய்ச் சேற்றைத் துறைமுக வளாகத்திலேயே எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைக் கலந்து சிதைத்தார்கள். அப்படியொரு குழியில் செல்லுலோஸ் சவ்வைப் போட்டால், எண்ணெயும் சவ்வும் சேர்ந்து சிதைய வழியுண்டு. பிவிடிஎஃப்பைப் போட்டால் எண்ணெய் போய், பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும்.