உங்களுக்குத் தெரியுமா? காரிலிருந்தும் லைனுக்கு மின்சாரம் போகும்!

செங்கோட்டைக் கணவாயில் புகும் ஆடிக் காற்று சங்கரன்கோவில், இளையரசனேந்தல், கயத்தாறு வட்டாரத்தை உலுக்கும்போது காற்றாலைகள் ராத்திரியிலும் ஓயாமல் சுற்றும். நள்ளிரவிலோ மின்தேவை குறைவு. சுற்றக்கூடிய காற்றாலையையே சில சமயம் நிறுத்தச் சொல்கிறார்கள். அந்த மின்சாரத்தை வாசலில் நிற்கும் மின்காரில் ஏற்றி, மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் மின்தொகுப்புக்கே திருப்பித் தரலாம்.

அமெரிக்காவின் வில்லெட் கெம்ப்டனும் ஸ்டீவன் லெட்டென்டரும் 1997-லேயே இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். ஜப்பானை உலுக்கிய 2011 நிலநடுக்கத்துக்கு மறு ஆண்டே, நிசான் லீஃப் மின்காரிலிருந்து வீட்டுக்கு 6 கிலோவாட் வரை எடுக்கும் கருவி அங்கே விற்பனைக்கு வந்தது.

நம் நாட்டில் 2023-ல் வந்த புதிய டாடா நெக்ஸான் மின்காரில் மிக்சி, மின்விசிறியைச் செருகி ஓட்டலாம். லைனுக்குத் தருவது வேறு கதை. காரின் மின்சாரம் லைனின் 50 ஹெர்ட்ஸ் அலையோடு அச்சாகப் பொருந்த வேண்டும். கரண்ட் போனால் உடனே கருவி தானாகத் துண்டித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனின் உயிருக்கே ஆபத்து. இதில் துளியும் சமரசம் கூடாது.

40 யூனிட் பேட்டரியில் பாதியைக் கொடுத்தாலும், நாளொன்றுக்கு 5 யூனிட் செலவாகும் வீட்டுக்கு 4 நாள் தாங்கும். அடிக்கடி ஏற்றி இறக்கினால் பேட்டரி தேயும். அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்து மின்வாரியம் விலை கொடுத்தால்தான் கார்க்காரர்கள் மனமுவந்து தருவார்கள்.