பாகல் குழியும் மரவரிப்படமும்

குழிக்கு ஒரு பாகல் விதை இட்டுப் பின் வெறுங்குழிகளைக் கண்டு வருந்தும் கமக்காரர் உளர். நான்கைந்து விதை இட்டு, முளைத்தவற்றைப் பிடுங்கி எறிவோரும் உளர். இரண்டும் நட்டமே. எத்தனை விதை போதும் என்பதை ஒரு துண்டுத் தாளிற் கணித்து அறியலாம். பாடசாலையிற் பிள்ளைகள் கற்கும் மரவரிப்படமே அதற்குரிய கருவியாகும்.

முதலில் 100 விதைகளை ஈரத்துணியிற் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணுக. 80 முளைத்தன என வைத்துக்கொள்க. தோட்டத்தில் 200 குழிகள் உள்ளன. குழிக்கு இரண்டு விதை இடப்படுகின்றது.

தாளின் இடப்புறத்தில் 200 என எழுதி இரு கிளைகள் வரைக. முதல் விதை முளைக்கும் குழிகள் 160, முளைக்காதவை 40. ஒவ்வொரு கிளையிலிருந்தும் மீண்டும் இரு கிளைகள் பிரியும். 160இல் இரண்டாம் விதையும் முளைப்பவை 128, முளைக்காதவை 32. 40இல் இரண்டாம் விதை முளைப்பவை 32. இரண்டும் பொய்ப்பவை 8. இந்நான்கையும் கூட்டினால் 200 வரவேண்டும். வராவிடின் கணக்கிற் பிழை உண்டு.

ஒரு விதை இட்டிருப்பின் 40 குழிகள் வெறுமையாகும். இரண்டு இட்டால் 8. மூன்றாவது விதையும் இட்டால் ஒன்று அல்லது இரண்டு. ஆறு குழிகளைக் காப்பதற்கு மேலும் 200 விதை செலவிடுவது வீண். அதற்குப் பதிலாக அன்றே 15 விதைகளைச் சிறு பைகளில் இட்டு வைத்தால், ஏறக்குறைய 12 கன்றுகள் கிடைக்கும். வெறுங்குழிகளை அவற்றால் நிரப்பலாம்.

முழு எண்களுக்குப் பதிலாகக் கிளைகளிற் பின்னங்களையும் எழுதலாம். ஒரே வழியிலுள்ள பின்னங்களைப் பெருக்குதல் வேண்டும்: 1/5 × 1/5 = 1/25. 200இல் 25இல் ஒரு பங்கு அதே 8. ஒரு விதை மட்டும் முளைக்கும் குழிகளுக்கு வழி இரண்டு. ஆதலால் 4/25உடன் 4/25ஐக் கூட்டுக. பின்னத்திற் கை பழகாதவர் முழு எண்களையே கையாளுதல் நன்று.

வெறுங்குழிகள் எட்டுக்குப் பதில் ஐந்தாகவோ பதினொன்றாகவோ இருப்பது இயல்பே. முப்பது குழிகள் வெறுமையாயின் பொருள் வேறு. ஒரு விதையின் விதி மற்றதைத் தொடாது என்று கொண்டே இப்படம் வரையப்பட்டது. நீர் தேங்கிய குழியிலும் எறும்பு புகுந்த குழியிலும் இரு விதைகளும் ஒருங்கே அழியும். அப்போது விதை விற்றவரை ஏசுமுன் குழியைத் தோண்டிப் பார்த்தல் வேண்டும்.

மிளகாய் நாற்றுமேடையிலும் இப்படம் உதவும். 1000 கன்றுகளுள் 50இல் இலைச்சுருள் வைரசு உண்டென்றும், அவற்றுள் 45இல் இலை சுருண்டு தெரியுமென்றும் கொள்க. ஏனைய 950இல் பனிப்பூச்சி, உண்ணி ஆகியவற்றால் 95 சுருண்டிருக்கலாம். ஆகச் சுருண்டவை 140. நோயுற்றவை அவற்றுள் 45 மட்டுமே, மூன்றில் ஒன்றிலும் குறைவு. மேலதிகக் கன்று உள்ளவர் 140ஐயும் பிடுங்கி அழிக்கலாம். கன்று போதாதவர் இலைகளின் அடிப்புறத்தைப் புரட்டிப் பூச்சியைத் தேடிய பின்னரே கைவைத்தல் வேண்டும்.