காலிக் கடைக்குத் தரும் சான்று

தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடை போட விண்ணப்பிக்கும் கெடு நெருங்குகிறது. செஞ்சியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கின்றன: "ஃபயர் சர்வீஸ் என்.ஓ.சி. வாங்கியாச்சு, இனி பயமில்லையே?"

பயம் இருக்கிறது. தடையில்லாச் சான்றைப் பாதுகாப்புச் சான்றாகவே அதிகாரிகள் பேசுவார்கள். நிலைய அலுவலர் பார்க்க வந்த நாளில் ஆட்சேபிக்க எதுவும் கண்ணில் படவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அவர் வழியைப் பார்ப்பார், வயரிங்கைப் பார்ப்பார், மணல் வாளி இருக்கிறதா என்று பார்ப்பார். அறிக்கை மாவட்ட வருவாய் அலுவலருக்குப் போகும். அன்று கடையில் ஒரு மத்தாப்புகூட இருக்காது. சிவகாசிச் சரக்கு வந்து இறங்குவது உரிமம் கைக்கு வந்த பிறகுதான். பெட்டிகள் வாசலை அடைத்துக்கொண்டதும், பக்கத்தில் பலகார அடுப்பு மூட்டியதும் அந்தத் தாளில் ஏறாது. சரக்கு இறங்கியபின் இன்னொரு முறை கட்டாயம் வந்து பார்க்கும்படி ஏன் விதி செய்யக்கூடாது?

2021 அக்டோபர் 26-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை எரிந்தபோது, அருகிலிருந்த பேக்கரியின் சிலிண்டர்களும் வெடித்தன, உயிர்கள் போயின. 2004-ல் 94 குழந்தைகளைப் பலிகொண்ட கும்பகோணம் பள்ளிக் கட்டடத்துக்கும் உறுதிச் சான்று இருந்தது.

சென்னையில் தீயணைப்புப் படை 1908-ல் வந்துவிட்டது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் இயற்றப்பட்டது 1985-ல்தான். நெருப்பை அணைக்கப் பிறந்த துறைக்குத் தாளில் கையெழுத்திடும் வேலை பின்னால் சேர்ந்தது. சிற்றூர் நிலையத்தில் இரண்டையும் செய்வது அதே சில பேர். தீபாவளி நெருங்க நெருங்க கூரை வீட்டுத் தீக்கும் அவர்கள்தான் ஓட வேண்டும்.

தற்காலிகக் கடைகளுக்கு உண்மையான காவல் 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் இருக்கிறது. எளிதில் தீப்பிடிக்காத கொட்டகை, கடைக்குக் கடை 3 மீட்டர், குடியிருப்பு போன்றவற்றிலிருந்து 50 மீட்டர்; கடைகள் எதிரெதிரே இருக்கக் கூடாது. செஞ்சிக் கடைவீதியில் 50 மீட்டருக்கு எங்கே போவது? ஊருக்கு வெளியே திடல்தான் வழி.

மற்ற கேள்விகள்:

கடைக்குள் எண்ணெய் விளக்கு? கூடாது.

ஒரே திடலில் எத்தனை கடை? 50 வரை.

கோட்டைச் சுவரோரம் கொட்டகை? தொல்லியல் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை. 2025-ல் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறுவதற்கு முன்பிருந்தே அது இருக்கிறது.

தீப்பிடித்தால்? 101 அல்லது 112. முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், சரக்கை விட்டுவிடுங்கள்.