வகுப்பறையிற் பிறக்கும் பேச்சு: ஓட்டிசச் சிறார் குறித்து

மொழி முதலில் மனிதரிடையே உறவாக நிலவிப் பின்னரே அகத்திற் சிந்தனையாகிறது. 1934இல் மறைந்த சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கியின் இக்கருத்து, ஓட்டிசமுடைய மாணவரின் பேச்சுவளர்ச்சியை நோக்குவதற்கும் தகுந்த அடிப்படையாகும்.

1943இல் லியோ கானர் இந்நிலையை விவரித்தபோதே, கேட்ட தொடரை அவ்வாறே திருப்பிக் கூறும் இயல்பைச் சுட்டினார். “தண்ணி வேணுமா?” என்று பிள்ளை சொல்வது தண்ணீர் கேட்பதாகவே இருக்கலாம். அதனைப் பிழையெனக் கண்டிக்கும் ஆசிரியர் உரையாடலைத் துண்டிக்கிறார். “தண்ணி வேணும்” எனப் பிள்ளையின் நிலையில் நின்று மொழிந்து, நீரையும் கொடுப்பவர் மொழியை வளர்க்கிறார். பேசாத பிள்ளைக்குப் பட அட்டையும் சைகையும் மொழியே. அவை பேச்சைத் தடுப்பதில்லை.

இலங்கையிற் பேச்சுச் சிகிச்சைப் பயிற்சிக்கு முன்னோடியான களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம், தலைநகருக்கு அண்மையில், றாகமையில் உள்ளது. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, உழவர் வாழும் வில்கமுவவிலிருந்து மாவட்டத் தலைநகருக்குச் சென்று திரும்புவதே ஒரு நாளைய உழைப்பின் இழப்பு. இத்தகைய பிரதேசங்களில், பிள்ளையின் வீட்டுமொழி அறிந்த வகுப்பாசிரியரே முதற்றுணை. ஆதலின் கல்வியியற் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இப்பயிற்சி உறுதியான இடம் பெறுதல் வேண்டும்.

1945இன் இலவசக் கல்வி பாடசாலைக் கதவைத் திறந்தது. உள்ளே வந்த பிள்ளை தன் தேவையைச் சொல்லவும் அது செவிமடுக்கப்படவும் வழிசெய்யாதவரை அவ்வுரிமை முழுமையுறாது.