சங்கிலிக்குத் தொடக்கம் உண்டா?

 

“எல்லாவற்றுக்கும் காரணம் உண்டென்றால், அல்லாஹ்வைப் படைத்தது யார் உம்மா?” என்று பிள்ளை கேட்டால் அதட்டி வாயை மூடிவிடாதீர்கள். பௌத்தர்களோடு ஒரே நாட்டில் வாழும் நம் பிள்ளைகளிடம் இக்கேள்வி இன்றோ நாளையோ எழத்தான் செய்யும். அடக்கப்பட்ட கேள்வி ஐயமாக வளரும்.

பௌத்தம் சொல்வதை முதலில் சரியாக அறிவோம். மாரி பெய்தால் மட்டக்களப்பு வாவி நிரம்புகிறது. வாவி நிரம்பினால் முகத்துவாரத்து மணற்றிட்டு உடைகிறது. இவ்வாறே ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுகிறது என்பதே பௌத்தரின் கொள்கை. பேதைமை, வேட்கை, பற்று எனத் துன்பம் வரையில் 12 சார்புகளை அவர்கள் எண்ணுவர். தமிழில் மணிமேகலை இவற்றை விளக்குகிறது. துன்பத்தை நீக்குவதே இதன் நோக்கம். உலகைத் தொடக்கிவைத்தவனைத் தேடுவதன்று. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசர், பேதைமையும் காரணமற்ற முதற்பொருள் அன்று என்றே விளக்கினார்.

நம் இமாம்கள் கூறுவதென்ன? ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘அல்இக்திஸாத்’ நூலில், புதிதாகத் தோன்றிய ஒவ்வொன்றுக்கும் காரணம் வேண்டும் என்கிறார். “உள்ளவை எல்லாவற்றுக்கும்” என்று அவர் சொல்லவில்லை. அல்லாஹ் தோன்றியவன் அல்லன்; ஆகவே பிள்ளையின் கேள்வி அவனைச் சாராது.

“உலகம் தோன்றியது என்பதையே நாங்கள் ஏற்கவில்லையே” என்று பௌத்தர் சொல்லலாம். அதற்கு இப்னு ஸீனா (980-1037) காட்டிய வழி உதவும். கலியாணத்துக்கு இரவல் மாலை கேட்கிறீர்கள். அடுத்த வீட்டாரும் இரவல் வாங்கித்தான் தருவதாகச் சொல்கிறார். அவருக்குக் கொடுப்பவரும் அப்படியே. எத்தனை வீடு எண்ணினாலும், சொந்தமாக மாலை வைத்திருப்பவர் ஒருவர் இல்லையேல் உங்கள் கைக்கு மாலை வராது. இல்லாமலும் இருந்திருக்கக்கூடிய பொருள்கள் யாவும் இருப்பை இரவல் பெற்றவையே. தன்னாலேயே இருப்பவன் ஒருவன் வேண்டும்.

“ஒவ்வொரு கண்ணிக்கும் காரணம் சொன்னபின் முழுச் சங்கிலிக்கும் தனிக் காரணம் எதற்கு?” என்று அவர்கள் மீண்டும் கேட்கலாம். கண்ணிகளைக் கூட்டுவதால் இரவல் சொந்தமாகாது என்பதே நம் மறுமொழி. வழி பிரியும் இடம் இதுதான்.

இதைப் பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். பிறர் வணங்குபவற்றை ஏச வேண்டாமென்று அல்அன்ஆம் 108ஆம் வசனம் தடுப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விளங்கிக்கொண்ட ஈமானே நிலைக்கும்.