ரயில் போன தடத்தில் பனிச்சறுக்கு

இத்தாலியின் வடகிழக்குக் கோடியில், ஆஸ்திரிய எல்லைக்கு அருகே, புஸ்டேரியா பள்ளத்தாக்கில் சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் டோபியாக்கோ. ஊர் நிற்கும் இடமே ஒரு நீர்ப்பிரிமேடு. ஒரு பக்கம் உருகும் பனி ரியென்ட்சா ஆற்றில் சேர்ந்து கடைசியில் அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. மறுபக்கத்து நீர் டிராவா ஆறாகி, டான்யூப் வழியாகக் கருங்கடலை அடைகிறது. இவ்வளவு பெரிய பிரிவு நடக்கிற இடம் கூர்மையான முகடாக இல்லாமல், வெளியாகப் பரந்து கிடப்பது டோபியாக்கோவின் அதிர்ஷ்டம். கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்குக்குச் செங்குத்துச் சரிவு வேண்டாம், கேபிள் காரும் வேண்டாம். மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அகன்ற தரையும், மூன்று மாதம் உருகாத குளிரும் போதும். இரண்டும் இங்கே உண்டு.

முதலாம் உலகப் போர் முடியும்வரை இது ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் ஊர். இன்றும் இங்குள்ளவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஜெர்மன்தான். ஜெர்மனில் ஊரின் பெயர் டோப்லாக். ரயில் நிலையப் பலகையிலும் வரைபடத்திலும் இரண்டு பெயர்களும் இருக்கும். பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் இரண்டையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து ஊர்களுக்கும் இப்படியே இரட்டைப் பெயர்கள்.

ஊருக்கு ரயில் வந்தது 1871-இல். தெற்கிலிருந்து வருபவர்கள் வெரோனா, போல்ட்சானோ வழியாகவும், வடக்கிலிருந்து வருபவர்கள் இன்ஸ்புருக் வழியாகவும் ஃபோர்ட்டெட்சா சந்திப்புக்கு வந்து, அங்கே புஸ்டேரியா ரயிலுக்கு மாற வேண்டும். பாதையில் பணி நடக்கும் காலங்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதும் உண்டு என்பதால், டிக்கெட் எடுக்குமுன் கால அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெனிஸில் விமானம் இறங்குபவர்களுக்கு, தெற்கே உள்ள கோர்ட்டினா ஊர் வழியாகப் பேருந்து இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை எடுக்கும்போது, அதில் குளிர்கால விளையாட்டுகளில் படும் காயமும் அடங்குமா என்று கேட்டுவிட வேண்டும். பல சாதாரணப் பயணக் காப்பீடுகளில் அது அடங்காது.

எப்போது போவது? பருவம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். புத்தாண்டை ஒட்டி ‘டூர் டி ஸ்கீ’ என்னும் உலகத் தரப் பந்தயத் தொடர் பல ஆண்டுகளில் இந்த ஊருக்கு வரும்; அந்த நாட்களில் பந்தய மைதானத் தடங்கள் வீரர்களுக்குத்தான். வேடிக்கை பார்க்க விரும்புபவர்களுக்கு அதைவிட நல்ல சமயம் இல்லை, பழக வருபவர்களுக்கு அது இடைஞ்சல். மார்ச்சில் வெயில் இதமாக இருந்தாலும், காலையில் தடம் கண்ணாடிபோல் இறுகி, பிற்பகலில் கூழாகிவிடும். முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்றது ஜனவரியின் பிற்பாதி: கூட்டம் குறைவு, வாடகை குறைவு, பனி உலர்ந்தும் உறுதியாகவும் இருக்கும். காலையில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரிக்குப் போவது அப்போது சாதாரணம்.

தங்குமிடத்தைத் தேர்வதில் நட்சத்திரக் கணக்கைவிட முக்கியமானது, வாசலிலிருந்து தடம் எவ்வளவு தூரம் என்பது. தோளில் ஸ்கீயைச் சுமந்துகொண்டு வழுக்கும் சாலையில் ஒரு கிலோமீட்டர் நடப்பது தினமும் சலிப்புத் தரும். ரயில் நிலையத்தைச் சுற்றியோ பந்தய மைதானம் இருக்கும் பக்கத்திலோ அறை கிடைத்தால் இந்தச் சிரமம் இல்லை. நிலையத்தருகே 1878-இல் கட்டப்பட்ட பழைய கிராண்ட் ஹோட்டல் இப்போது பண்பாட்டு மையமாக இருக்கிறது. இளைஞர் விடுதியும் அதே வளாகத்தில்தான். பல விடுதிகள் காலை உணவும் இரவு உணவும் சேர்த்தே வாடகை சொல்லும். சைவ உணவுக்காரர்கள் முன்பே எழுதிச் சொல்லிவிட வேண்டும். கீரையும் பாலாடைக்கட்டியும் அடைத்த ‘ஷ்லுட்ஸ்கிராப்ஃபன்’, பழைய ரொட்டியில் கீரை சேர்த்துப் பிடிக்கும் ‘க்னோடல்’ உருண்டை ஆகியவை அவர்களுக்கு ஏற்றவை. உருண்டையில் முட்டை இருக்கும், சிலவற்றில் பன்றி இறைச்சியும் இருக்கும் என்பதால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். விடுதியில் தரும் விருந்தினர் அட்டை இருந்தால், டோபியாக்கோ அடங்கிய தெற்கு டிரோல் மாகாணத்துக்குள் ரயிலிலும் பேருந்திலும் கட்டணமின்றிப் போகலாம். அட்டை தரும் விடுதியா என்று பதிவுக்கு முன்பே கேட்கலாம்.

இந்த விளையாட்டில் இரண்டு பாணிகள். ‘கிளாசிக்’ பாணியில், இயந்திரம் பனியில் வெட்டிவைத்த இரண்டு இணைப் பள்ளங்களில் நடப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி வழுக்க வேண்டும். ‘ஸ்கேட்டிங்’ பாணியில், அகலமாகச் சமன்செய்த தரையில் காலைப் பக்கவாட்டில் உந்திப் போக வேண்டும். வேகம் இரண்டாவதில், எளிமை முதலாவதில். கிளாசிக் ஸ்கீயின் நடுப்பகுதி வில்லாக மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டு கால்களில் சமமாக நின்றால் நடுப்பகுதி பனியைத் தொடாது, முன்னும் பின்னும் மட்டுமே வழுக்கும். உடல் எடை முழுவதையும் ஒரு காலில் வைத்து அமுக்கும்போதுதான் வளைவு நிமிர்ந்து, நடுப்பகுதி பனியில் படியும். அங்கே பூசிய மெழுகோ ஒட்டிய மென்மயிர்ப் பட்டையோ பனியைப் பற்றிக்கொள்ள, கால் பின்னுக்கு நழுவாமல் உடல் முன்னுக்குப் போகும். கற்றுக்கொள்வதில் பாதி இந்த எடை மாற்றம்தான். அதனாலேயே நீளத்தைவிட ஆளின் எடைக்கு ஏற்ற விறைப்பு முக்கியம். வாடகைக் கடையில் எடையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மெழுகை அன்றன்றைய பனிக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்பதால், புதியவர்கள் மயிர்ப் பட்டை வைத்த ஸ்கீயையே கேட்பது நல்லது. முதல் இரண்டு நாள் பயிற்றுநரிடம் கற்பது வீண் செலவு அல்ல.

உடையில் பலரும் தவறுவது, தடித்த ஜாக்கெட் வாங்குவதில். முழு உடலும் உழைப்பதால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துவைத்து, நின்றவுடன் உடலை நடுக்கும். மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ இரண்டு அடுக்கு, மேலே காற்றைத் தடுக்கும் சட்டை, கையுறை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி போதும். தடங்களுக்குக் கட்டணம் உண்டு. வாரச் சீட்டு, நாள் சீட்டைவிட மலிவு. எதிரெதிரே வந்தால் வலப்புறம் ஒதுங்க வேண்டும், ஏறுபவர் இறங்குபவருக்கு வழிவிட வேண்டும், விழுந்தால் உடனே தடத்தை விட்டு விலக வேண்டும். அவசர உதவிக்கு எண் 112.

முதல் நாட்களுக்கு ஊரைச் சுற்றிய சமவெளியும், கிழக்கே சான் கேண்டிடோ பக்கமும் போதும். பிறகு பேருந்தில் செஸ்டோவுக்குப் போய் ஃபிஸ்காலினா பள்ளத்தாக்கு, இன்னொரு நாள் காசியெஸ் பள்ளத்தாக்கு. ஓய்வு நாளில், 1908 முதல் 1910 வரை இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் கோடை தங்கி ஒன்பதாவது சிம்பொனியை எழுதிய பண்ணை வீட்டுப் பக்கம் நடந்துவரலாம்.

டோபியாக்கோவுக்கு வந்தவர்கள் தவறவிடக் கூடாதது கோர்ட்டினா வரை போகும் தடம். 1921-இல் முழுமையாகத் திறக்கப்பட்டு, 1956 கோர்ட்டினா ஒலிம்பிக்குக்குக் கூட்டம் சுமந்து, 1964-இல் மூடப்பட்ட மலை ரயிலின் பாதை அது. தண்டவாளம் போய்விட்டது, ரயிலுக்காகச் செதுக்கிய மென்சரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. சுமார் 15 கிலோமீட்டரில் 280 மீட்டர்தான் ஏற்றம். வழியில் வரும் முதல் ஏரியைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு குறுகி, நடுக்குளிர்காலத்தில் வெயிலே படாத நிழலாகிவிடும். வழியில் நாஸ்வாண்டில் முதல் உலகப் போரில் இறந்த ஆஸ்திரிய–ஹங்கேரியப் படைவீரர்களின் கல்லறைகள். லாண்ட்ரோவில் இடப்புறம் ஒரு பிளவு திறந்து, ட்ரே சீமே என்னும் மூன்று கொடுமுடிகள் தெரியும். அடுத்த ஏரிக்கு அப்பால் கிறிஸ்டாலோ மலை. சீமாபான்கே கணவாய், 1,530 மீட்டர், இந்தத் தடத்தின் உச்சி. அதன்பின் இறக்கம், சுரங்கங்கள், ஃபெலிட்சோன் பள்ளத்தின் மேல் பாலம். மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். 1977 முதல் ஆண்டுதோறும் இந்த வழியில் நடக்கும் நெடுந்தூரப் பந்தயத்தில் ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள்.

வாரக் கடைசிக்குக் கோர்ட்டினா தடத்தைத் தள்ளாமல், உடல் பழகிய நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் வைத்துக்கொண்டால், வானிலை கெட்டாலும் மாற்று நாள் கிடைக்கும். பனி குறைந்த ஆண்டுகளில் கோர்ட்டினா பக்கத்து இறக்கம் முதலில் மூடப்படும் என்பதால், முந்தின மாலையே சுற்றுலா அலுவலகத்தில் தடத்தின் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோர்ட்டினாவிலிருந்து திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)