இழுத்தும் எழாத மோட்டார்

இங்கிலாந்தின் பூல் நகரில் உற்பத்தியாகி, சென்ற நூற்றாண்டின் மத்தியில் எண்ணற்ற சிறு படகுகளின் பின்புறத்தை அலங்கரித்த பிரிட்டிஷ் சீகல் மோட்டார், கயிற்றைச் சுற்றிப் பன்முறை இழுத்தும் உயிர்பெறாதபோது, அதன்மீது சினங்கொள்வதை விடுத்து, பெட்ரோல், தீப்பொறி, அமுக்கம் என்னும் மூன்றனுள் எது குறைவுபட்டதென்று விசாரிப்பதே உத்தமம்.

முதலில் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்து பாருங்கள். அது மூடியிருந்த அற்ப காரணத்தால் இயந்திரத்தையே பிரித்துப் போடுவோரும் உண்டு. அடுத்து, கார்புரேட்டரின் மேலுள்ள குமிழை அழுத்தினால் பெட்ரோல் கசிய வேண்டும். கசியாவிடில், பல மாதம் தேங்கிய எரிபொருள் பிசினாக உறைந்து வழியை அடைத்திருக்கக்கூடும். அதைக் கழுவி ஊதி நீக்குக. கம்பியால் குத்தினால் ஜெட்டின் நுண்துவாரம் பெரிதாகிவிடும்.

பெட்ரோல் வந்தும் பயனில்லையெனில், பிளக்கைக் கழற்றி, வயரோடு இணைத்து, கசிந்த பெட்ரோலுக்குத் தூரமாக அதன் உலோக உடலைச் சிலிண்டரில் பதியவைத்து இழுத்துப் பார்த்தால், ஏறக்குறைய 0.5 மில்லிமீட்டர் இடைவெளியில் நீலப் பொறி தாவ வேண்டும். தாவாவிடில், சுழல்சக்கரத்தின் அடியில் களிம்பேறிய பாயிண்டுகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தாலே பெரும்பாலும் நிவர்த்தி கிட்டும். அமுக்கம் குன்றுவது அபூர்வம்.

பழைய மாதிரிகளுக்குப் பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் விதிக்கப்பட்டிருந்ததால், புகை கண்டு அஞ்ச வேண்டா. ஆயின் நீருக்கு வெளியே மட்டும் ஓட்டாதீர்கள், குளிர்விக்கும் தண்ணீர் கிடைக்காது.